இழுத்துக் கொடுத்தவளுக்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, உன் அக்கா, அவள் வீட்டுக்காரர், குழந்தை எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டு வேலைக்குப் போய் வந்துகொண்டு இருக்கிறோம், அதைச் சுகம் என்றே வைத்துக்கொள். நீ சுகமா என்று கேட்டால் நல்லா இருக்கேம்மா என்றுதான் சொல்வாய், ஆகவே இந்தத் தடவை கேட்கவில்லை. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு பேச்சை முடிப்பதற்குள் நீ சரிம்மா சரிம்மா என்று நாலு தடவை சொல்லிவிடுகிறாய். சரி என்று சொல்லிவிட்ட பிள்ளையிடம் அதற்கு மேல் என்னத்தைப் பேசுவது. காகிதத்தில் எழுதினால் நீ குறுக்கே சரி சொல்ல முடியாது. ஹாஸ்டலில் கூட இருக்கிற பெண்கள் முன்னால் பிரிக்காதே, தனியாக உட்கார்ந்து படி.

அப்பாவுக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, அடுத்த மாதக் கடைசியில் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். அதுவரைக்கும் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் லிப்ட் வேலை பார்க்கிறார், கேட்டால் முடுக்குகிற திருகாணி ஒன்றுதானே, அதற்கு எதற்கு ரெண்டு கண் என்கிறார். எத்தனையோ கட்டடத்தில் லிப்டை ஓட வைக்கிற மனிதர், லிப்டே இல்லாத நம் கட்டடத்தில் நாலு மாடி ஏறி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார். அக்கா மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று நின்று கால் வீங்கி வருகிறாள். குழந்தை கட்டிலிலிருந்து விழுந்து முன்பல் ரெண்டும் போய்விட்டது, சித்தி என்று சொல்ல வரவில்லை, காற்றுதான் வருகிறது, அந்தக் காற்றை வைத்துக்கொண்டே சித்தி எப்ப வரும் சித்தி எப்ப வரும் என்று நச்சரிக்கிறது. எனக்குச் சலவைப் பிரிவில் இஸ்திரி உருளையின் ஆவி அடித்து இடது மணிக்கட்டில் தோல் உரிந்தது, ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவளுக்கு மருந்துக்கா பஞ்சம், ஆறிவிட்டது. இதெல்லாம் எழுதவேண்டிய விஷயம்தான், ஆனால் இதற்காக நான் எழுத உட்காரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. இந்த வருஷம் பல்கலைக்கழகப் போட்டியில நான் இறங்கலம்மா, ஒரு காலேஜுக்கு ரெண்டு பேர்தான் இறங்கலாம், ஜூனியர் ஒருத்தி நல்லா ஓடுறா, என் இடத்தை அவளுக்கு விட்டுட்டேன் என்று சொன்னாய். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாய். உன் கடைசி வருஷம், உன் கடைசிப் போட்டி. பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த உன் அப்பா, நல்ல மனசு நம்ம பொண்ணுக்கு என்றார். நானும் சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சரி சொல்கிற வியாதி உனக்கு எங்கிருந்து வந்தது என்று வெளியில் தேடவே வேண்டாம்.

இனி நான் எழுதப் போவது உனக்குத் தெரியாது. பதினோரு மாதமாக உன்னிடமும் அப்பாவிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். போன வருஷம் இதே போட்டியின் ஆயிரத்து ஐநூறு மீட்டர் கடைசிச் சுற்றுப் பந்தயம் நடந்தபோது நான் அங்கே இருந்தேன். நீ என்னிடம் சின்னப் போட்டிதான்மா, அவ்வளவு தூரம் வந்து அலைய வேண்டாம் என்று சொல்லியிருந்தாய், நானும் நம்பியிருந்தேன். வெள்ளிக்கிழமை சாயந்திரம் உன் பள்ளிக்கூடத்து விசில் டீச்சர் போன் பண்ணினார். கழுத்தில் விசிலோடு பிறந்த மாதிரி திரிவாரே, அவரேதான், இன்னும் உன் ஓட்டத்தையெல்லாம் போனில் பார்த்துக்கொண்டிருக்கிறார். உங்க பொண்ணு தகுதிச் சுற்றுல முதல், நாலு நிமிஷம் முப்பத்திமூணு செகண்ட், அவங்க காலேஜ் நெட்டைப் பொண்ணு இன்னொரு சுற்றுல நாலு முப்பத்தாறு, நாளைக்குக் கண்டிப்பாப் போய்ப் பாருங்க, இந்த மாதிரி நாள் அடிக்கடி வராது என்றார். எனக்கு மூன்று செகண்டு என்றால் என்னவென்று தெரியாது. அவர்தான், ஓடும்போது அது ஐம்பது அடி இடைவெளி வரும்மா என்று விளக்கினார். அப்பாவிடம் ஆஸ்பத்திரியில் கூடுதல் ஷிப்ட் என்று சொல்லிவிட்டு விடிகாலை ரயில் ஏறினேன். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவரிடம் சொன்ன முதல் பெரிய பொய் உன் ஓட்டத்துக்காகச் சொன்னது.

மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. வாசலில் ஒருவரும் டிக்கெட் கேட்கவில்லை, அதற்கே எனக்குப் பெருமையாக இருந்தது, வீராங்கனையின் அம்மா என்று முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டேன். எல்லோருக்கும்தான் டிக்கெட் இல்லை என்பது பிறகு தெரிந்தது. ஓட்டம் முடிகிற கோட்டுக்கு நேரே பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் ஒருவர், பார்த்தாலே வசதியானவர், தொப்பி, தூரத்தைக் கிட்டத்தில் காட்டுகிற கண்ணாடி, மடியில் ஒரு பை ஆரஞ்சுப் பழம். பேசினால் பதில் சொல்லத் தோன்றுகிற மனிதர். பல் டாக்டராம். ஒரு பழத்தை எடுத்து எனக்குக் கொடுத்து, உங்க பிள்ளையும் ஓடுதா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, என் பொண்ணு ஓடுறா, அதோ அந்த உசரமான பொண்ணு என்று காட்டினார். அது உன் காலேஜில் நீ அக்கா என்று கூப்பிடுகிற நெட்டைப் பெண். அவர் அவளுடைய அப்பா. அவள் பக்கத்தில் நீ குனிந்து ஷூக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாய்.

உங்க பொண்ணு பக்கத்துல நிக்கிறவதான் என் பொண்ணு என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் பேச்சைத் தொடர்ந்தார், எனக்கு அந்தப் பேச்சு ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. இன்னிக்கு நாலு முப்பதுக்குள்ள வந்தாத்தான் அவளைப் பெரிய பயிற்சி முகாமுக்கு எடுப்பாங்க, அதனால எல்லாம் ஏற்பாடு ஆயிருக்கு, பக்கத்துல குட்டையா ஒண்ணு நிக்குது பாருங்க, அது முன்னால ஓடி இழுத்துக் கொடுக்கும், காத்து மொத்தமும் அது மேல அடிக்கும், என் பொண்ணு பின்னாலயே ஒட்டிக்கிட்டு ஓடுவா, கடைசி ரவுண்டு மணி அடிச்சதும் அது ஒதுங்கிக்கும், இவ போயிடுவா என்றார். நான், அந்தப் பொண்ணுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர்தான், கொஞ்சம் யோசித்தார். அது சின்னப் பொண்ணு, அதுக்கு அடுத்த வருஷம் இருக்கே என்றார். ஒண்ணு, அது, அதுக்கு. நான் கையில் ஆரஞ்சை வைத்துக்கொண்டு அவருக்குத் தலையாட்டினேன். நான்தான் அதைப் பெற்றவள் என்று என் வாயில் வரவில்லை.

துப்பாக்கி சுட்டதும் நீ முன்னால் போனாய். அழகாக ஓடினாய், அதையும் சொல்லிவிடுகிறேன், உன்னை யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். தோள் அசையாமல், தலை ஆடாமல், கால் மட்டும் சக்கரம் மாதிரி போயிற்று. முதல் சுற்று, இரண்டாம் சுற்று, எல்லோரும் உனக்குப் பின்னால் ஒரே கயிற்றில் கோத்த மாதிரி வந்தார்கள். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, கரெக்டா இழுக்குது, கரெக்டா இழுக்குது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உனக்கு மூச்சு முட்டவில்லை. நான் ஒரு நாளைக்கு எண்ணூறு படுக்கை விரிப்பு மடிக்கிறவள், களைத்துப்போன உடம்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், உனக்கு அன்றைக்குக் களைப்பே வரவில்லை. ஆகவே அந்த ஆள் சொன்னது நடக்காது என்று கடைசி நிமிஷம் வரைக்கும் நம்பினேன். மணி அடித்தார்கள். நீ தலையை லேசாகத் திருப்பிப் பின்னால் வருகிறாளா என்று பார்த்தாய். பார்த்துவிட்டு ஓர் அடி வெளியே தள்ளி வழி விட்டாய். நம் வீட்டுப் படிக்கட்டில் எதிரே யாராவது மூட்டையோடு ஏறி வந்தால் சுவரோடு ஒண்டி நிற்பாயே, அதே மாதிரி. அவள் உள்பக்கமாகப் போய்விட்டாள். அதற்குப் பிறகு நீ ஓடவில்லை, வீட்டுக்குப் போகிறவள் மாதிரி வந்தாய். அவளுக்கு நாலு இருபத்தொன்பது, தங்கம். நீ ஏழாவது, நாலு நாற்பத்துநாலு. டாக்டர் எழுந்து நின்று அழுதார். என் தோளைத் தட்டினார். நானும் கை தட்டினேன்.

அதோடு முடிந்திருந்தால்கூட மறந்திருப்பேன். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் உனக்குப் பத்தடி பின்னால் வந்து நின்றேன், கூப்பிடலாம் என்றுதான் வந்தேன். டாக்டரும் அவர் மனைவியும் அவளை நடுவில் நிறுத்திக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்கள். போனை யாரிடம் கொடுப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உன்னிடம் கொடுத்தார்கள். உன் தோளில் அவளுடைய மேல்சட்டை தொங்கிக்கொண்டிருந்தது, ஒரு கையில் அவளுடைய பழைய ஷூ. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க அங்கிள், சிரிங்க என்று சொல்லி நாலு படம் எடுத்தாய். உன்னைக் கூப்பிடாமல் திரும்பி நடந்துவிட்டேன். ஏழாவதாக வந்ததற்காக நான் வெட்கப்பட்டேன் என்று நினைத்துவிடாதே, நீ கடைசியாக வந்திருந்தாலும் வேலியைத் தாண்டி வந்து கட்டிக்கொண்டிருப்பேன். அந்த வேலையை நீ அவ்வளவு லாவகமாகச் செய்தாயே, அதைப் பார்க்கத்தான் எனக்குக் கூசியது. ரயிலில் ஏறிய பிறகுதான் அந்த ஆரஞ்சு இன்னும் கையில் இருப்பதைப் பார்த்தேன். எதிர் சீட்டில் இருந்த அம்மாளுக்குக் கொடுத்துவிட்டேன். மறுநாள் நீ போன் பண்ணி, ஏழாவதும்மா, கால் கொஞ்சம் பிடிச்சுக்கிச்சு என்று சொன்னாய். சுடு தண்ணி ஒத்தடம் குடு என்றேன். ரெண்டு பேரும் ஒருவருக்கொருவர் பொய் சொல்லி எவ்வளவு பிரியமாகப் பேசினோம் பார்.

பதினோரு மாதமாக உன் கோச்சைத் திட்டிக்கொண்டே வேலை செய்தேன். மற்றவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு விரிப்பு மடிப்பார்கள், நான் அந்த ஆளைச் சபித்துக்கொண்டு மடிப்பேன், மடிப்பு நன்றாகத்தான் விழும். வளர்கிற பெண்ணை ஏணியாக்கி இன்னொருத்தியை ஏற்றிவிட்டானே என்று. ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதும் இதுவும் அவன் வேலைதான் என்று முடிவு கட்டினேன். விசில் டீச்சரிடம் நம்பர் வாங்கி, திங்கட்கிழமை மதியம் விரிப்பு அடுக்குகிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போன் பண்ணினேன். என்ன கேட்கவேண்டும் என்று தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். எடுத்த எடுப்பில் நான் போன வருஷம் வந்து பாத்தேன், எல்லாம் எனக்குத் தெரியும் என்றேன். அந்த மனிதர் மெதுவாகத்தான் பேசினார். நீங்க வந்திருந்தீங்களா, என்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கலாமேம்மா என்றார். நான் அவளை இழுக்கச் சொல்லலம்மா, அவளா வந்து கேட்டா என்றார். தகுதிச் சுற்று முடிஞ்ச அன்னிக்கு நான் அவளைக் கூப்பிட்டு, டைமிங் பாத்தா நாளைக்கு நீதான் முதல், உன் ஓட்டத்தை நீ ஓடுன்னேன், அவ, வேணாம் சார், அக்காவுக்கு இது கடைசி வருஷம், நான் இழுத்துக் குடுத்துடறேன்னா, உனக்குக் கஷ்டமா இருக்காதான்னு கேட்டேன், பழகிடுச்சு சார்னு சிரிச்சா, நான் தடுத்திருக்கணும், காலேஜுக்குத் தங்கம் வருதேன்னு விட்டுட்டேன், அது என் தப்பு என்றார். இந்த வருஷமும் நான் கேக்கல, அவளே எழுதிக் கொண்டுவந்து கொடுத்தா என்றார். நான் எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்தேன், அதில் ஒரு கேள்விகூட மிச்சமில்லை.

அவர் கையைக் கழுவிக்கொள்வதற்காகச் சொன்னாரோ என்று முதலில் நினைத்தேன். உண்மையா பொய்யா என்று நீதான் சொல்லவேண்டும். ஆனால் பழகிடுச்சு என்கிற சொல்லை அவரால் புனைந்திருக்க முடியாது, அது உன் வாயிலிருந்து வருகிற சொல். அதைக் கேட்டதும் எனக்கு உன் பதினாலாவது வயசு ஞாபகம் வந்தது. பள்ளி விளையாட்டு விழாவில் எண்ணூறு மீட்டரில் நீயும் அக்காவும் ஒன்றாக ஓடினீர்கள். அக்கா ரெண்டு வருஷமாக முதலில் வந்துகொண்டிருந்தவள். நீ அவளைத் தாண்டிப் போய் முதலில் வந்தாய். அவள் ரெண்டு நாள் சாப்பிடவில்லை, உன்னோடு பேசவில்லை. எனக்கு வீடு அமைதியாக இருக்கவேண்டும், வேறென்ன. உன்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, அக்காவுக்கு அடுத்த வருஷம் பள்ளிக்கூடமே முடிஞ்சுடும், உனக்கு இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கு, அடுத்த தடவை கொஞ்சம் மெதுவா ஓடேன் என்று சொன்னேன். நீ ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அடுத்த வருஷம் கடைசி வளைவில் கால் தடுக்கின மாதிரி காட்டிவிட்டு அவளை முன்னால் விட்டாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் உன் தலையைத் தடவி, தங்கமான பொண்ணு என்று சொன்னேன். விசில் டீச்சருக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது, தடுக்கி விழுற கால் இல்லீங்க அது, வீட்ல யாராவது எதாவது சொன்னீங்களா என்று என்னிடம் கேட்டார். நான் இல்லையே என்றேன்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தச் சமையலறைப் பேச்சு உள்பட. அவள் குழந்தையின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள், ஊசியை நிறுத்தவே இல்லை. அவ வேணும்னே விட்டுக் கொடுத்தான்னு எனக்கு அன்னிக்கே தெரியும்மா என்றாள். கோட்டைத் தாண்டும்போதே தெரியும், எல்லாரும் கை தட்டறாங்க, எனக்குக் காது அடைச்சுப் போச்சு, பிச்சை வாங்கின மாதிரி இருந்துச்சு, அதுக்கப்புறம் நான் ஏன் ஓடவே போகலன்னு நீ ஒரு நாளாவது கேட்டியா என்றாள். நான் படிப்புக்காக விட்டாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவ என்னைத் தோக்கடிச்சது வலிச்சுது, ஆனா அடுத்த வருஷம் நான் அவளை ஜெயிக்கணும்னு ஆறு மாசம் காலைல எழுந்து ஓடினேன் தெரியுமா, அதை ரெண்டு பேரும் சேர்ந்து கெடுத்தீங்க என்று சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பொத்தானை இழுத்து இழுத்துப் பார்த்தாள். நான் எழுந்து வந்துவிட்டேன். ஒரு வீட்டில் ரெண்டு ஓட்டக்காரிகள் இருந்தார்கள், ரெண்டு பேரையும் நிறுத்தியவள் நான். இதைச் சொல்லி உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் முதலில் எழுத உட்கார்ந்தேன். கேட்டாயிற்று என்று வைத்துக்கொள், இதைவிட நயமாக எனக்குக் கேட்க வராது.

ஆனால் எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டு நீ நகர்ந்துகொள்ள விடமாட்டேன். உனக்கு இருபத்தோரு வயசு. பதினாலு வயசில் சமையலறையில் ஒருத்தி சொன்னதற்கு இன்னும் கீழ்ப்படிந்துகொண்டிருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நான் சொன்ன மற்ற எதை நீ கேட்டிருக்கிறாய், தலைக்கு எண்ணெய் வை என்றால் கேட்டாயா, ஈர முடியோடு படுக்காதே என்றால் கேட்டாயா. அதனால் நான் யோசித்துப் பார்த்ததில் எனக்கு இப்படித்தான் படுகிறது, தப்பாக இருந்தால் சொல். உனக்கு இது சௌகரியமாக இருக்கிறது. இழுத்துக் கொடுத்துவிட்டு ஏழாவதாக வந்தால் தோற்றாய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நல்ல பொண்ணு என்பார்கள். முதலில் வருவதற்காக ஓடி ரெண்டாவதாக வந்தால்தான் தோல்வி. உன்னால் முடியுமா முடியாதா என்பதைத் தெரிந்துகொள்ளப் பயந்துகொண்டு, அந்தப் பயத்துக்கு நல்ல மனசு என்று சட்டை போட்டு வைத்திருக்கிறாய். எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா. எங்கள் பிரிவில் மேற்பார்வை வேலை காலியானபோது மேலதிகாரி முதலில் என்னைத்தான் கேட்டார். எனக்குக் கணக்கு எழுத வருமோ வராதோ, நாலு பேரை அதட்ட வருமோ வராதோ என்று உள்ளே உதறல். வெளியில், நமக்கு எதுக்குங்க, கூட வேலை பாக்கற சின்னவளுக்குக் குடுங்க, அவளுக்குக் குடும்பக் கஷ்டம் என்று சொன்னேன். எல்லோரும் என் குணத்தை மெச்சினார்கள். இப்போது அந்தச் சின்னவள்தான் நான் ஐந்து நிமிஷம் பிந்தினால் கடிகாரத்தைப் பார்க்கிறாள். என்னால் முடிந்திருக்குமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை. அந்தத் தெரியாமை இருக்கிறதே, அது உன்னை விட்டுப் போகாது, உன்னோடு உட்கார்ந்து சாப்பிடும்.

அந்த ஜூனியரைப் பற்றியும் நினைத்துப் பார். அவள் நன்றாக ஓடுகிறாள் என்றால் அடுத்த வருஷம் தன் இடத்தைத் தானே ஓடிப் பிடிக்கட்டும். நீ கொடுத்த இடத்தில் ஓடி அவளும் உன் அக்கா மாதிரி காது அடைத்து நிற்கவேண்டுமா. அந்த நெட்டைப் பெண்ணுக்கும் தெரியாமலா இருக்கும். முகாமில் சேர்ந்து நாலு மாதத்தில் திரும்பி வந்துவிட்டாளாமே, விசில் டீச்சர் சொன்னார். அங்கே இழுத்துக் கொடுக்க யாரும் இல்லை போலிருக்கிறது. இதை எழுதும்போது எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்க்கிறது, நான் அவ்வளவு நல்லவள் இல்லை, அதையும் தெரிந்துகொள்.

கோச் சொன்னதில் ஒன்றை இன்னும் எழுதவில்லை. நீ எழுதிக் கொடுத்த விலகல் கடிதத்தை அவர் மேலே அனுப்பவில்லையாம், மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறாராம். பெயர் கொடுக்கக் கடைசி நாள் அடுத்த வெள்ளிக்கிழமை. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா, இப்பவே கிழிச்சுப் போட்டுட்டு அவ பேரைச் சேத்துடறேன் என்றார். என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. கிழித்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும், உனக்கும் சரிம்மா என்று சொல்லி ஓடுவதற்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். நான் கிழிக்காதீங்க என்று சொல்லிவிட்டேன். அவளே வந்து கேட்டாக் குடுங்க, வெள்ளிக்கிழமை சாயந்திரம் வரைக்கும் வரலைன்னா அனுப்பிடுங்க என்றேன். அந்த மனிதர், நிஜமாவா சொல்றீங்க என்று ரெண்டு தடவை கேட்டார். ஆமாம் என்றேன். அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீ போக மாட்டாய் என்று பாதி நேரம் தோன்றுகிறது. அப்படியானால் அதுதான் நீ, நான் இனி அதைப்பற்றி உன்னிடம் பேசமாட்டேன், நம் போனில் கண் ஆபரேஷன், குழந்தையின் பல், சாப்பிட்டாயா தூங்கினாயா என்று பேசிக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம்.

ஓடினால் ஜெயிக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. கடைசி மணி அடிக்கும்போது திரும்பிப் பார்க்காதே, அவ்வளவுதான். உன்னைத் தாண்டுகிறவள் தன் காலால் தாண்டட்டும். அதற்குப் பிறகு ஏழாவது வந்தாலும் அது உன் ஏழாவது.

அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டவில்லை, என்ன எழுதுகிறேன் என்று அவரும் கேட்கவில்லை. அவர் வழக்கம்போல ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன். அக்கா எதுவும் சொல்லி அனுப்பவில்லை, அவளுக்கு நீயே போன் பண்ணு, நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஒவ்வொரு தடவையும் போனை வைக்கும்போது எல்லாருக்கும் நல்லவளா இரு என்று உன்னை வாழ்த்தியிருக்கிறேன். இந்தத் தடவை அது இல்லை. வயிறு நிறையச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள், உன்னைப் பார்த்து ஒருத்திக்காவது ஒரு தடவையாவது வயிறு எரியட்டும், அதுதான் என் ஆசீர்வாதம்.

வெள்ளிக்கிழமை கோச் நாலு மணிக்கே அறையைப் பூட்டிவிட்டுப் போய்விடுவாராம். அதற்கு முன்னால் போ.

அம்மா